கத்தரிச் செடிக்கு ஒளுத் தண்ணீர்

மழை எங்களை மறந்துபோன ஒரு வருடம். குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில் எங்கள் வீட்டுக்கு முன்னால் இருந்த தாழ்வாரத்தில் மதியம் வெறுங்காலோடு நடக்க முடியாது. குழாயிலும் தண்ணீர் நேரம் பார்த்துத்தான் வந்தது. அந்த வெயிலில்தான் உம்மா ஆறு பிஸ்கட் டின்களில் மண் நிரப்பிக் கத்தரி நட்டார்.

வாப்பாவுக்குத் தேக்காச் சந்தையில் காய்கறிக் கடை. விற்காத கத்தரிக்காயை அள்ளிக் கொட்டுகிறவருக்கு இது வேடிக்கையாக இருந்தது. சைக்கிள் நிறுத்தவும் அவருக்கு அந்த இடம் தேவைப்பட்டது.

"கடையில கெடக்குற காய் பத்தாதா புள்ள? வெயிலு மனுசனையே வறுக்குது. செடி எங்க பொழைக்கப் போவுது?"

"வறுக்கட்டுமே. பெருநாள் தாளிச்சாவுல பருப்போட என் கத்தரிக்காதான் கெடக்கும், பாத்துக்கிட்டே இருங்க. ஆறுல ஒன்னு செத்தாலும் அம்புட்டு டின்னையும் நானே காலி பண்றேன். அங்கயே ஒங்க சைக்கிள நிப்பாட்டிக்கங்க."

வாப்பா அக்காவையும் என்னையும் திரும்பிப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்கள்ல?" என்றார்.

அதன்பிறகு உம்மா வெயிலோடு நேருக்கு நேர் நின்றார். பதினோரு மணிக்கெல்லாம் பழைய கைலியைக் கம்பியில் கட்டி நிழல் போட்டுவிடுவார். இலைக்கு அடியில் பஞ்சுபோல மாவுப்பூச்சி அப்பியபோது அடுப்புச் சாம்பலைத் தூவினார். அதற்கும் அடங்காதவற்றை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் நசுக்கினார். "வா ராசா வா, பெருநாளைக்கு ஒனக்கும் சேத்துத்தான் ஆக்குறேன்" என்று அவற்றோடு பேசிக்கொண்டே நசுக்குவார்.

தண்ணீருக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்கிறோமல்லவா, அந்தத் தண்ணீரை வீணாக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு குவளை நல்ல தண்ணீர் தருவார். அவரவர் பேசின் சட்டியில் ஒளுச் செய்து, விழுந்த தண்ணீரை அவரவருக்குரிய இரண்டு டின்களில் ஊற்ற வேண்டும். உம்மாவுக்கு இரண்டு, அக்காவுக்கு இரண்டு, எனக்கு இரண்டு. வாப்பா கடைப் பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுதுகொள்வார்.

எனக்குப் பத்து வயது. சாயங்காலம் பந்து விளையாடிவிட்டு உடம்பெல்லாம் எரிய வருவேன். கையில் ஒரு குவளை குளிர்ந்த தண்ணீர். ஒருநாள் அதை அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டேன். அந்தச் சுகத்தை இன்றும் மறுக்க மாட்டேன். ஆனால் பேசின் காலியாக இருந்தால் உம்மா கேட்பார். கழிப்பறையில் ஊற்றுவதற்காகத் துணி ஊறவைத்த சலவைச் சோடாத் தண்ணீரை ஒரு வாளியில் சேர்த்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு குவளை மொண்டேன். நுரையைக் கையால் ஒதுக்கிவிட்டுப் பேசினில் ஊற்றினேன். அதைக் கொண்டுபோய் என் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, ஒளு இல்லாமலே தொழுகைப் பாயில் நின்றேன்.

ஒருநாள் என்று சொன்னேன். அது தினமும் ஆயிற்று.

இரண்டு வாரத்தில் என் செடிகளின் இலை ஓரம் கருகிச் சுருண்டது. மற்ற நான்கும் ஊதாப்பூ விட்டிருந்தன. உம்மா என் டின்களுக்கு மட்டும் இரண்டாவது கைலி கட்டினார். விசிறிகூட வீசினார். "சாவ விடமாட்டேன். யாருகிட்ட?" என்று வெயிலைப் பார்த்துச் சொன்னார். பெருநாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது இரண்டும் தண்டோடு சாய்ந்தன.

உம்மா குனிந்து அந்த மண்ணை எடுத்தார். மேலே வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. விரலால் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு மண்ணை டின்னிலேயே போட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று வாப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

"என்ன புள்ள, ரெண்டு படுத்துருச்சு போல?" என்று சிரித்தார். பிறகு உற்றுப் பார்த்தார். "மத்த நாலும் நல்லாத்தானே நிக்குது? இது ரெண்டுக்கும் யாரு தண்ணி ஊத்துனது?"

தொழுகை விஷயத்தில் வாப்பாவின் கை சும்மா இருக்காது.

"தண்ணியில ஒன்னுமில்ல," என்றார் உம்மா. "பூச்சி தின்னுருச்சு. நான் தோத்துட்டேன். போதுமா?"

பூவோடு நின்ற நான்கு டின்களையும் ஒவ்வொன்றாக அவரே தூக்கிக்கொண்டுபோய்க் கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டியிடம் கொடுத்தார். ஐந்து மாடி இறங்கி ஏற வேண்டும். நான் தூக்க வந்தபோது, "நீ போய்த் தொழுடா" என்றார்.

உம்மா மௌத்தாகி மண்ணுக்குள் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அவரிடம் இதைச் சொல்ல எனக்கு நாற்பது வருடம் இருந்தது. சொல்லவில்லை. அதற்குக் காரணம் தேடி உங்களிடம் நியாயம் பேசவும் மாட்டேன்.

பெருநாளன்று வாப்பாவின் கடைக் கத்தரிக்காய்தான் தாளிச்சாவில் கிடந்தது. உம்மா சோற்றைச் சாப்பிட்டார், பருப்பைச் சாப்பிட்டார். கத்தரிக்காயை மட்டும் ஒன்றுவிடாமல் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். பூச்சி மேல் இன்னும் கோபம் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடி விழாமல் தப்பிய மகிழ்ச்சியில் எனக்கு அன்று நல்ல பசி. அவர் ஒதுக்கியதையும் என் தட்டுக்கு எடுத்துப் போட்டுத் தின்றேன்.