அக்கா கேட்ட இரண்டு மணித்தியாலம்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு மரைன் ட்ரைவில் நடப்பதை, அலுவலகத்தின் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து எத்தனையோ நாள் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு பக்கம் கொதிக்கிற தார் வீதி, மறுபக்கம் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். அந்த வெயிலில் வேறு யாரும் நடப்பதில்லை. சரியாக இருபது நிமிடம் நடந்துவிட்டு, கழுத்தெல்லாம் வியர்க்க வந்து தன் மேசையில் உட்காருவார். நடக்கச் சொன்னது நான்தான். அப்போது எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

வெள்ளவத்தையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கிளை அது. வாடிக்கையாளர் பகுதிக்கு நான் பொறுப்பாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நான் அக்கா என்று கூப்பிட்டது கூடப்பிறந்தவரை இல்லை; என்னைவிடப் பதினைந்து வயது மூத்த சக ஊழியர். பல வருடம் எனக்குப் பக்கத்து மேசைக்காரர். எனக்குப் பதவி வந்த அன்றே 'மிஸ்' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. நகரத்தின் மறுகோடியில், கொட்டாஞ்சேனை வீட்டில் அவரும் கணவரும் மட்டும்தான். கணவருக்குப் பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் இயங்காமல் போயிருந்தன. ஒரு நாள் அக்கா என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே கேட்டார்.

"மிஸ், பக்கத்து வீட்டு அன்ரி அஞ்சு மணி மட்டும் அவரைப் பாக்கிறா. அதுக்குப் பிறகு அவர் தனிய. நான் ஆறு மணிக்கு வெளிக்கிட்டுப் போய்ச் சேர ஏழரையாகுது. நாலு மணிக்கு விட்டால் ட்ராபிக் தொடங்க முதல் அஞ்சுக்குள்ள போயிடுவன், அது காணும். காலமை ஏழு மணிக்கே வந்து அந்த ரெண்டு மணித்தியாலத்தையும் செய்து தாறன்."

என் கையெழுத்து ஒன்று போதும். ஆனால் ஒருவருக்கு விட்டால் எல்லோரும் வந்து நிற்பார்களே, புதிதாகப் பொறுப்புக்கு வந்தவளுக்கு ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரியவில்லை என்று மேலே கதைப்பார்களே என்று பயந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அந்தக் கிழமைதான் மன அழுத்தத்தைக் குறைப்பது பற்றிய அரைநாள் வகுப்பு ஒன்றுக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். அங்கே கேட்டதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது.

"நீங்கள் கனக்க யோசிக்கிறீங்கள் அக்கா," என்றேன். "சாப்பிட்டுட்டு கடற்கரைப் பக்கம் இருபது நிமிஷம் நடந்து பாருங்கோ."

நாலு வரை எண்ணி மூச்சை இழுத்து, ஆறு வரை எண்ணி விடச் சொன்னேன். படுக்கும்போது போனைத் தள்ளி வைக்கச் சொன்னேன். மனதை அரிப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, தன் கையில் உள்ளவற்றுக்கு மட்டும் கீழே கோடு போடச் சொன்னேன். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "ஓம் மிஸ், செய்து பாக்கிறன்," என்று போனார்.

சொன்னபடியே செய்தார். அந்தத் தாளைக்கூட ஒரு நாள் கொண்டுவந்து காட்டினார். 'அவர் தனிய இருக்கிறது' என்ற முதல் வரிக்குக் கீழே கோடு இல்லை. "அது என்ர கையில இல்லையே மிஸ்," என்றார். யார் கையில் இருந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

சில கிழமை போனதும், "உண்மையாவே நல்லாயிருக்கு மிஸ். அந்த இருபது நிமிஷம் ஒருத்தரும் என்னைக் கூப்பிடினமில்லை," என்றார். மாதக் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். மேலதிகாரிகள் கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து அக்காவும் சிரித்தார்.

எனக்கு இன்றுவரை கசப்பது இதுதான். நான் சொன்னது எதுவும் பொய்யில்லை. நடந்தால் உடம்பு இளகும். மூச்சை நிதானமாக விட்டால் படபடப்பு அடங்கும். இப்போதும் நான் அவற்றைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன். அக்காவுக்கு அவை உதவாமல் போயிருந்தால், இன்னொரு முறை என் கதவைத் தட்டியிருப்பார். சண்டை பிடித்திருப்பார். வேலையையே விட்டிருப்பார். உதவியதால் பொறுத்துக்கொண்டார். பொறுக்கக் கூடாத ஒன்றைப் பொறுக்கப் பழக்கிவிட்டு, அதற்குக் கைதட்டலும் வாங்கினேன்.

நாலு மாதம் அப்படிப் போயிற்று. ஒரு புதன்கிழமை பின்னேரம், அன்ரி போன பிறகு, கணவர் தானாக எழுந்து குளியலறைக்குப் போகப் பார்த்து விழுந்துவிட்டார். ஏழரைக்கு அக்கா கதவைத் திறக்கும்வரை ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். ஏழாம் நாள் இல்லை.

செத்த வீட்டுக்கு அலுவலகத்திலிருந்து ஒரு வாகனத்தில் போனோம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ட்ராபிக்கில எப்பிடி மிஸ் வந்து சேர்ந்தனீங்கள்?" என்று கேட்டார். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

முப்பத்தோராம் நாள் காரியங்கள் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய அன்று, நாலு மணிக்குப் போகலாம் என்ற அனுமதிக் கடிதத்தை நானே அடித்து, கையெழுத்து வைத்து, அவர் மேசைக்கு எடுத்துப் போனேன். எல்லாமாக ஐந்து நிமிடம் எடுக்கவில்லை. அக்கா கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார்.

"இனி நாலு மணிக்குப் போய் நான் என்ன செய்யிறது மிஸ்?"

குரலில் கோபம் இல்லை. கடிதத்தை என் பக்கமாகத் தள்ளிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த டெலிபோனை எடுத்துக் கதைக்கத் தொடங்கினார்.

அதன் பிறகு, ஓய்வு பெறும்வரை மூன்று வருடம், ஒரு நாளும் ஆறு மணிக்கு முன் அவர் வெளிக்கிடவில்லை. என் வேலை ஐந்து மணிக்கே முடிந்துவிடும் நாட்களிலும், பையை மடியில் வைத்துக்கொண்டு நான் என் அறையிலேயே இருப்பேன். அவருக்கு முன்னால் எழுந்து, அவர் மேசையைத் தாண்டிப் போக எனக்குத் தைரியம் வந்ததேயில்லை.