மணல் நோட்டீஸில் தங்கையின் பெயர்

நடக்காது என்று ஊரே சொன்ன காலை பஸ்ஸையும் பள்ளிக்கூடக் கிணற்றையும் விசுவமடுவுக்குப் பெற்றுத் தந்தவள் என் தங்கை தர்மிளா. பிறகு ஆற்றில் மணல் அள்ளுவதை முற்றாக நிறுத்தச் சொல்லி, 'ஊர்மக்கள்' என்று மட்டும் போட்டு நோட்டீஸ் ஒட்டினாள். எழுதியது யாரென்று ஊர் கண்டுபிடித்துவிட்டது.

"மலைநாட்டுப் பெட்டைக்கு எங்கட ஆத்தில என்ன வேலை?" என்று கடைகளில் கதைத்தார்கள். எங்கள் குடும்பம் மலைநாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியது.

அந்த நேரத்தில் மணல் முதலாளியின் ட்ரக்டர் ஓட்டும் சிவராசா வீட்டுக்கு வந்தார். உளவு பார்க்கத்தான் வந்தார் என்று நினைத்து, நான் உட்காரக் கதிரைகூடக் கொடுக்கவில்லை. அவர் தர்மிளாவைப் பார்த்துச் சொன்னார்:

"பிள்ளை, முழுக்க மறிச்சால் வீடு கட்டுற சனம் மணலுக்கு எங்க போறது? பாலத்தடியில அள்ளுறதை மட்டும் மறியுங்கோ."

"முதலாளி சொல்லித் தந்த கதையோ?" என்றேன்.

"அண்ணா, இவர் நோட்டீஸைத்தான் பிழை சொல்லுறார், என்னை இல்லை. அது சரியான கதை. நோட்டீஸைத் திருத்துவம். என்னைத் திட்டுறவைக்கு ஒளியாமல் என்ர பேரையே குடுப்பம்" என்றாள் தர்மிளா.

சிவராசாவை நான் இன்னும் நம்பவில்லை. தர்மிளாவோ கோரிக்கையை மாற்றி எழுதி, முதன்முதலாகத் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டாள். அன்று 2024 பெப்ரவரி 19.