முகம் வரையாத பொம்மையின் அளவு

1996 பிப்ரவரி 11, ஞாயிறு. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். சவரம், குளியல், மூன்று இட்லி. ஆறே முக்காலுக்குத் திருப்பதி பஸ் ஸ்டாண்ட். குழந்தைகள் உடை ஏற்றுமதி செய்யும் யூனிட் ஒன்றில் அப்போது நான் சாம்பிள் கட்டிங் மாஸ்டர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய விஜயபுரம் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் கையால் போட்டுவைத்திருக்கும் எம்ப்ராய்டரி துண்டுகளை ஞாயிறுதோறும் போய் வாங்கிவருவதும் என் பொறுப்பு.

பஸ் வரும்வரை, யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று நோட்டில் படம் போடுவேன். அன்று போட்டது ஒரு மொட்டைத் தலைச் சிறுமியை. அப்பாவின் சட்டையைக் கவுனாக மாட்டி, இடுப்பில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள். அப்படி ஏதாவது எனக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. முந்தின நாள்தான் முதலாளி என் சாம்பிள்களை மேஜையில் ஒதுக்கித் தள்ளியிருந்தார்.

"ஏமய்யா மாஸ்டர், எல்லாம் ஸ்கூல் யூனிபார்ம் மாதிரி கீது. துணி வாங்குற பையருக்கு விளையாட்டா ஒண்ணு வேணும். இல்லாங்காட்டி ஆர்டரு திருப்பூருக்குப் போயிடும்."

அந்த விளையாட்டு, அன்று துண்டு வாங்கப் போன கிராமத்தில், ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் நின்றது. காக்கை விரட்டும் பொம்மை. ஆனால் குழந்தை உயரம். யூரியா பை வெட்டிய வெள்ளைக் கவுன். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. குடைத் துணியில் மீன் வடிவப் பாக்கெட். சோடா மூடிகளைத் தட்டி, துளையிட்டுத் தைத்த பட்டன்கள். கீழ்மடிப்பில் சேலைக் கரையில் வெட்டிய ஏழு குருவிகள், ஏழும் ஒரே பக்கம் பார்த்தபடி. தலைக்கு ஒரு மண்சட்டி. அதில் கண், மூக்கு எதுவும் இல்லை.

டேப் எடுத்து அளந்து குறித்தேன். மார்பு 25, கவுன் நீளம் 26, தரையிலிருந்து தோள் 38 அங்குலம்.

புதன்கிழமை சாம்பிள் தயார். மெட்ராஸ் ஏஜென்ட் பார்த்துச் சிரித்தாராம். திங்கள் முதல் நூறு பீஸ் கட்டிங் போடச் சொல்லிவிட்டார்கள்.

பிப்ரவரி 18, ஞாயிறு. பகல் பதினொன்றரை. அதே கொல்லை, அதே டேப். குருவிகள் எந்த இடைவெளியில் இருந்தன என்று சரிபார்க்கத்தான் போனேன். பழக்கத்தில் தோளையும் அளந்தேன். 40.

மறுபடி அளந்தேன். 40. அந்த வாரம் மழை இல்லை. கழியைச் சுற்றி மண் காய்ந்து, வெடித்து, கிளறாமல் கிடந்தது. காற்று இல்லை. குட்டைக் கை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"யோவ், இன்னா பண்ணிக்கினு கீற அங்க?"

வரப்பில் ஒரு பெண், கையில் களைக்கொத்து. பெயர் ரூத்து. கொல்லையும் பொம்மையும் அவருடையவை. நான் யாரென்று சொல்லி, கழியை எப்போது உயர்த்தினீர்கள் என்று கேட்டேன்.

"நானா? வருசத்துக்கு ஒரு தபா, கிறிஸ்மஸுக்குத்தான் ஒசத்துவேன். அப்புறம் தொடல."

"போன வாரம் அளந்தப்போ முப்பத்தெட்டும்மா. இப்போ நாப்பது."

களைக்கொத்து கீழே விழுந்தது. "டேப்பு வச்சியா? அறிவு கீதா ஒனக்கு? புள்ளய அளந்தா வளராதுன்னு ஒங்கூட்ல சொல்லல?"

அந்தச் சொல் எங்கள் வீட்டிலும் உண்டு. பொம்மைதானே என்று நினைத்துவிட்டேன் என்றேன்.

"பொம்மை இல்ல சார். எஸ்தரு அளவு."

எஸ்தர் அவருடைய மகள். ஏழு வயதில், குழந்தை பார்த்துக்கொள்ள என்று ஒரு தம்பதி பம்பாய்க்குக் கூட்டிப்போனார்கள். இரண்டு வருடமாகக் கடிதம் இல்லை. கொடுத்துப்போன விலாசத்தில் அப்படி ஒரு தெருவே இல்லை. திரும்பி வந்தால் போட்டுக்கொள்ளச் சரியாக இருக்க வேண்டுமே என்று, வளர்த்தியை உத்தேசமாகக் கணக்கிட்டு, ஒவ்வொரு வருடமும் ஒரு கவுன் தைத்துப் பொம்மைக்குப் போட்டுவைக்கிறார்.

"முகம் ஏன் வரையல?"

"இப்ப எப்பிடி கீறாளோ, எனக்கு இன்னா தெரியும்?"

கீழே கிடந்த களைக்கொத்தை எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். கோபம் போயிருந்தது.

"நீ அளந்தப்புறமும் ரெண்டு அங்குலம் வளந்துக்கினு கீறா. அப்ப உயிரோட கீறா, இல்ல சார்?"

நோட்டில் இரண்டு எண்களும் என் கையெழுத்தில், தேதியோடு இருந்தன. அவருடைய கவுனைப் பார்த்து நூறு பீஸ் வெட்டப்போகிறோம் என்பதை அப்போதுதான் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"பம்பாய்க்குப் போவுமா?"

"வெளிநாட்டுக்கும்மா. செக்கிங்ல ரிஜெக்ட் ஆகறதத்தான் பம்பாய் வியாபாரி மூட்டையா அள்ளிக்கினு போவாரு. அங்க பிளாட்பாரத்துல விப்பாங்க."

"எது ரிஜெக்ட்டு?"

"அளவு தப்பினது."

"ஒன் வேலைல அளவு தப்புமா?"

"பதினோரு வருசத்துல ஒண்ணுகூடத் தப்பல."

"பெரும பீத்திக்காத," என்றார். மீன் பாக்கெட்டுக்குள் விரல் விட்டு அதை நேராக்கினார். "ஏழு குருவி. அவ சின்ன வயசு கவுன்லயும் இதான் தெச்சேன். எண்ணிக் கத்துக்கினதே அதுலதான். பாத்தான்னா, எங்கம்மா வேலைன்னு அங்கியே நின்னுடுவா."

திரும்பும்போது பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். பொம்மை அவர் தலைக்கு மேலே நின்றது. பகலில் பார்த்ததைவிடச் சற்று உயரமாக இருந்ததுபோல எனக்குத் தோன்றியது. அதை அளக்கவில்லை என்பதால் நோட்டில் எழுதவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். தெருவில், கொல்லையில், பஸ் ஸ்டாண்டில் கண்ணில் படுவதையெல்லாம் வரைந்துகொள்ளுங்கள். ஆனால் டேப்பை எடுப்பதற்கு முன், இதை யாருக்காகத் தைத்தீர்கள் என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் அளந்தவன்.

பிப்ரவரி 19, திங்கள். எட்டு மணிக்கு யூனிட் திறந்தது. முதல் வேலையாக மேஜையில் துணி விரித்து, அதில் பத்து அடுக்கைத் தனியே எடுத்து, சாக்பீஸால் கோடு போட்டு, கவுன் நீளத்தில் இரண்டு அங்குலம் கூட்டி வெட்டினேன்.