அம்மா திட்டாத நாள்

என் அம்மாவுக்கு இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று தெருவுக்கும் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பொது. டியூட்டி முடிந்து அவள் தெருமுனை திரும்பும்போதே அந்தக் குரல் முன்னால் வந்துவிடும். பால்காரர், பக்கத்து வீட்டு நாய், என் தம்பி, ஒருவரும் தப்ப முடியாது. அப்பா தையல்காரர். வாயில் எப்போதும் நூலோ ஊசியோ இருக்கும் என்பதால் அவர் மட்டும் பதில் பேசாமல் பிழைத்துக்கொண்டார்.

இன்னொரு குரலை நாங்கள் வீட்டில் கேட்டதே இல்லை. கேட்க வேண்டாம் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தோம்.

பள்ளிக்கூடம் விட்டால் நானும் தம்பியும் நேரே அம்மா நர்ஸாக இருந்த பெண்கள் வார்டுக்குப் போய்விடுவோம். வார்டை ஒட்டி ஒரு சின்ன அறை. ஒரு மூலையில் கத்தரியும் ஊசியும் தண்ணீரில் கொதித்துக்கொண்டிருக்கும். எதிரே மடித்து அடுக்கிய போர்வைகள். அவற்றின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவோம். கதவு இடுக்கில் வார்டு தெரியும்.

"எந்திரிச்சு நடங்கன்னு எத்தனை தடவை சொல்றது? கால்ல ஆணியா அடிச்சிருக்கு? வீட்டுக்குப் போற நெனப்பே இல்லையா?" என்று ஆபரேஷன் முடிந்த ஒரு பெண்ணை அம்மா விரட்டிக்கொண்டிருந்தாள். திட்டு வாங்கியவள் முகத்தில் அத்தனை சந்தோஷம்! இவளுக்குப் பைத்தியமா என்று நினைத்தேன். வார்டைத் துடைக்கிற ஆயாம்மாதான் விளக்கினார்.

"உங்கம்மா திட்டினா ஆள் பொழைச்சாச்சுன்னு அர்த்தம். கண்ணு, செல்லம்னு கொஞ்ச ஆரம்பிச்சாதான் கஷ்டம். அப்புறம் நான் சொந்தக்காரங்க உக்கார பெஞ்சு தேடணும்."

அந்தக் கொஞ்சலையும் ஒரு நாள் கேட்டேன். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் இருந்தார். அம்மா அவர் தலையணையைச் சரிசெய்து, "வலிக்குதா கண்ணு? கொஞ்ச நேரம் தூங்குங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். பஞ்சு மாதிரி ஒரு குரல். டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், என்னையும் ரெண்டு வார்த்தை திட்டுங்களேன்."

அம்மா அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். நின்று பார்த்தாள். பிறகு எங்கள் அறைக்கு வந்து, நோட்டில் மை கொட்டியதற்காகத் தம்பியைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கினாள். மறுநாள் அந்தக் கட்டிலில் மெத்தை சுருட்டிக் கிடந்தது.

அதற்கப்புறம் அம்மாவின் திட்டு எங்களுக்குச் சாப்பாடு மாதிரி ஆகிவிட்டது. தம்பிக்கு டைபாய்டு வந்து பிதற்றிக் கிடந்தபோது லீவு போட்டுவிட்டு அவன் பக்கத்திலேயே கிடந்தாள். ஈரத்துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டபடி, "சோம்பேறி, படுத்துக்கிட்டா பரீட்சை போயிடுமா? எந்திரிடா" என்று திட்டிக்கொண்டே இருந்தாள். தன் வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை. அவனைத் திட்டித் திட்டியே எழுப்பிவிட்டாள்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். கழுத்தில் நெறி கட்டியிருந்தது. அம்மா விரலால் அழுத்திப் பார்த்தாள். "தலை சீவாம பேய் மாதிரி திரிஞ்சா நெறி கட்டாம என்ன செய்யும்?" என்று ஒரு குட்டு வைத்தாள். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுக்கச் சொன்னாள். டாக்டரைத் தான் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி என்னை முன்னால் அனுப்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் நான் பால் பாத்திரத்தைக் கை தவறிக் கவிழ்த்தேன். சமையலறை முழுக்கப் பால். அம்மா உள்ளே நுழைகிற நேரம். தொலைந்தோம் என்று காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவள் பாலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"விடு கண்ணு, போனா போகுது. கால்ல சுடலையே?"

என் கை தானாகக் கழுத்து நெறிக்குப் போனது. வாசலில் நின்ற தம்பி என்னையே பார்த்தான். அவனுக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்து அறையில் அப்பாவின் மிஷின் சத்தம் நின்றுபோனது.

மறுநாளும் திட்டு இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. என் தலைக்கு எண்ணெய் வைத்து நிதானமாகச் சீவிவிட்டாள். பாதியில் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மறுபடி சீவினாள். அப்பாவின் ரத்தக்கொதிப்பு மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது, தம்பிக்கு இருமல் வந்தால் என்ன செய்வது, சாதம் குழையாமல் எப்போது வடிப்பது என்று பக்கத்தில் நிற்க வைத்துக் காட்டினாள். சாகப்போகிறவள் நான், எனக்கு எதற்கு இதெல்லாம் சொல்லித்தருகிறாள் என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அந்தப் பயத்தில் புத்தி எங்கே வேலை செய்தது? கண்ணாடியில் கழுத்தைப் பார்த்துப் பார்த்து அழுதேன்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் வார்டை ஒட்டிய அந்தச் சின்ன அறைக்குப் போய் ஆயாம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உண்மையைச் சொல்லுங்க. எனக்கு என்ன வியாதி?"

"உனக்கா? உனக்கு ஒரு மண்ணும் இல்லையே! ரத்தம் நல்லா இருக்குன்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாங்களே!"

அப்பாடா என்று மூச்சு வந்தது. வந்த மூச்சோடு கேட்டேன்: "அப்புறம் ஏன் அம்மா என்னைத் திட்டவே மாட்டேங்கறாங்க?"

ஓயாமல் பேசுகிற ஆயாம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போர்வைகள் மேல் உட்கார்ந்தார்.

"உன்னைக் காட்டப் போனப்ப தன் வயித்து வலியையும் காட்டியிருக்கா. ரொம்ப நாளா வலியாம். வார்டுல வேலை இருக்கு, வீட்டுல வேலை இருக்குன்னு தள்ளிப் போட்டிருக்கா. உள்ளே கட்டி. இப்ப கத்தி வச்சும் பிரயோஜனம் இல்லையாம்."

ஊராரின் நாடியைப் பிடித்தவள் தன் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

கடைசியில் அவளை அதே வார்டில், அதே ஜன்னலோரக் கட்டிலில் போட்டார்கள். வேறு கட்டில் காலி இல்லையாம். அம்மா அந்தக் கட்டிலைப் பார்த்தாள், ஏறிப் படுத்தாள். எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். புதிதாக வந்த நர்ஸ் "கண்ணும்மா" என்றாள். அப்பா நூல் இல்லாத வாயோடு ஏதோ முணுமுணுத்தார். தம்பி காலைத் தடவிவிட்டான். நானும் குனிந்து, "அம்மா, வலிக்குதாம்மா?" என்று பஞ்சு மாதிரி கேட்டேன்.

அவள் கண்ணில் திடீரென்று ஒரு பயம். என் கையை இறுக்கிப் பிடித்தாள். அந்த டீச்சர் கேட்டதைத்தான் என் அம்மாவும் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

நான் அவள் பெற்ற பெண். நிமிர்ந்து நின்றேன்.

"என்ன இது, வச்ச பால் வச்ச இடத்துல ஆடை கட்டிக் கிடக்கு? குடிக்க நோவுதா? வேளாவேளைக்கு ஊட்டி விட நீ என்ன மகாராணியா? அங்க வீடு நாறிக் கிடக்கு, நீ இங்க ஜாலியா படுத்திருக்க! ஒழுங்கா குடிச்சிட்டு எந்திரிச்சு வீட்டுக்கு வர்ற வழியைப் பாரு!"

வார்டே திரும்பிப் பார்த்தது. "ஏய், என்னடி பேச்சு இது" என்று அப்பா பதறினார். ஆயாம்மா மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அம்மா என் கையை விட்டாள். டம்ளருக்காகக் கையை நீட்டினாள். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் திட்டுடி."

அழுதால் தெரிந்துவிடும். டம்ளர் காலியாகும்வரை திட்டினேன்.