இரண்டு டிக்கெட், ஒரு காலிங் பெல், பெயர் தெரியாத ஒரு அக்கா

போன புதன்கிழமை, சென்னை விமான நிலையம், செக்-இன் கவுன்ட்டர்.

அப்பா ரொம்ப சாதாரணமாகச் சொன்னார், "பேக்கை கவுகாத்திக்கே டேக் போட்டுடுங்கம்மா."

கவுன்ட்டரில் இருந்த அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்தார்.

"இதுல கொல்கத்தா வரைக்கும்தானே சார் இருக்கு?"

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அந்த டிக்கெட்டுகளைத் தேடிக் கண்டுபிடித்தது நான்தான். சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு ஒரு நிறுவனம், அங்கிருந்து கவுகாத்திக்கு வேறொரு நிறுவனம். தனித்தனியாக வாங்கினால் விலை குறைவு. நடுவில் ஒன்றே முக்கால் மணி நேரம்.

அப்பா இருபது வருடமாக சீசன் டிக்கெட்டில் தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் போய் வருபவர். "தாம்பரத்துல இறங்கி செங்கல்பட்டு வண்டி மாறுற மாதிரிதானே. இது போனா அடுத்தது" என்று சொல்லிவிட்டார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. (பதினொன்றாம் வகுப்பு. இயற்பியலில் நல்ல மதிப்பெண். இருந்தும்.)

போகும் காரணம் இதுதான். கவுகாத்தியில் பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் கண்காட்சி. எங்கள் மாவட்டத்திலிருந்து என் கருவி தேர்வாகியிருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் நேரில் போய்ப் பதிவு செய்யாவிட்டால் இடம் போய்விடும். அடுத்த விமானமோ மறுநாள் காலைதான்.

அக்காவிடம் அப்பா இரண்டாவது டிக்கெட்டைக் காட்டினார்.

"சார், இந்த ரெண்டு டிக்கெட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. எங்க ஃப்ளைட் லேட்டானா அவங்க உங்களுக்காக நிக்க மாட்டாங்க. நீங்க வரலைன்னு எழுதிட்டுக் கிளம்பிடுவாங்க. வேற டிக்கெட் நீங்கதான் வாங்கணும்."

"ஒன்னே முக்கா மணி நேரம் இருக்கேம்மா."

"பெல்ட்ல பேக் வர்ற வரைக்கும் நிக்கணும். வெளிய வரணும். மறுபடி வரிசைல நின்னு அவங்ககிட்ட பேக்கைக் குடுக்கணும். அந்தக் கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிடுவாங்க சார். போதாததுக்கு, இன்னைக்கு எங்க ஃப்ளைட்டே லேட்டாத்தான் வருது."

அக்கா என் பக்கம் திரும்பி, எதற்காகப் போகிறோம் என்று கேட்டார். சொன்னேன். நாங்கள் முடிச்சூர். மழைத்தண்ணீர் வாசல் வரை வந்த பிறகுதான் தெருவில் எல்லோருக்கும் தெரிகிறது. அதற்காக ஒரு கருவி செய்திருக்கிறேன். காலி ஷாம்பு பாட்டிலைக் கால்வாயில் மிதக்கவிட வேண்டும். தண்ணீர் ஏறி பாட்டில் மேலே வந்தால் வீட்டுக்குள் காலிங் பெல் அடிக்கும். (குருவி கத்துகிற மாதிரியான பெல். வீட்டில் பழசாகிக் கழற்றிப் போட்டது.)

அக்கா சிரித்தார். "நாங்க பள்ளிக்கரணை. அந்த பெல் எங்களுக்கும் வேணும்."

அப்புறம் மடமடவென்று வேலை நடந்தது. "பெரிய பேக்கே வேணாம். ரெண்டு பேரும் கைப்பையோட போங்க. வழியனுப்ப யாராவது வந்திருக்காங்களா?"

அம்மா வந்திருந்தார். (விமானம் கிளம்பிவிட்டது என்று போன் வரும்வரை வாசலை விட்டு நகராதவர். அந்தப் பழக்கத்தைக் கிண்டல் செய்ததற்கு மன்னிப்பு கேட்டுவிட்டேன்.)

அக்கா வாசலில் இருந்த காவலரிடம் பேசி அப்பாவை வெளியே அனுப்பிவைத்தார். பெரிய பேக் அம்மாவுடன் வீட்டுக்குத் திரும்பியது. அதில் தட்டை டப்பா, ஸ்வெட்டர், தெர்மக்கோலில் செய்த எங்கள் தெரு, என்னுடைய நான்கு புத்தகங்கள். பெல், பாட்டில், ஒயர், ஆளுக்கு ஒரு ஜோடி உடை மட்டும் எங்களுடன்.

இரண்டாவது விமானத்துக்கு அங்கேயே நின்று அப்பாவின் போனில் வெப் செக்-இன் செய்ய வைத்தார். அது அவருடைய நிறுவனம்கூட இல்லை. கடைசியாக, இருபத்தேழாவது வரிசையில் இருந்த எங்களை இரண்டாவது வரிசைக்கு மாற்றினார். "முதல்ல இறங்கணும்ல."

விமானம் ஐம்பது நிமிடம் தாமதம்.

கொல்கத்தாவில் கதவு திறந்தபோது அடுத்த விமானத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம் இருந்தது. பேக் வாங்கும் கவுன்ட்டர் ஏற்கெனவே மூடியாகிவிட்டது. கேட் மூட இருபது நிமிடம்.

பாதுகாப்புச் சோதனையில் என் பையைத் திறந்து, இது என்ன, வேலை செய்து காட்டு என்றார்கள். பேட்டரியை மாட்டி பாட்டிலைத் தூக்கினேன். குருவி கத்தியது. சரி, போ என்றார்கள். பேட்டரியைக் கழற்ற நேரமில்லை. அப்படியே பையில் திணித்துக்கொண்டு ஓடினோம்.

பாட்டில் குலுங்கும் ஒவ்வொரு முறையும் கீச் கீச். கொல்கத்தா விமான நிலையம் முழுக்க நாங்கள் குருவி கத்தியபடி ஓடினோம். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்து வழிவிட்டார்கள். அப்பா ஓடிக்கொண்டே, "எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடிக்கக்கூட இப்படி ஓடினதில்லம்மா" என்றார்.

கேட்டில் இருந்தவர் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தார். எங்களுக்குப் பின்னால் யாரும் ஏறவில்லை.

பதிவு மேசையில் கையெழுத்துப் போட்டபோது மணி நான்கு நாற்பது.

தெர்மக்கோல் தெரு இல்லாததால் விடுதியின் குளியலறை பக்கெட்டில் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் பக்கத்திலேயே ஆறு ஓடும் ஊரைச் சேர்ந்த ஓர் ஆசிரியை ஒயர் இணைப்புகளைப் படமாக வரைந்து தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

இதைப் படிப்பவர்களுக்கு: தனித்தனி டிக்கெட் வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். வாங்கினால், நடுவில் நிறைய நேரம் விடுங்கள், கைப்பையோடு போங்கள், முக்கியமான வேலைக்கு முதல் நாளே போய்விடுங்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால் தாமதம் அவர்கள் கவலை. இரண்டாக இருந்தால் அது நம் கவலை.

மளிகை சாமான் கட்டிவரும் தாளைக்கூட விடாமல் படிப்பவள் நான். அந்த அக்காவின் சட்டையில் குத்தியிருந்த பெயரை மட்டும் படிக்காமல் வந்துவிட்டேன்.

பள்ளிக்கரணைப் பக்கம் குடியிருந்து, சென்னை விமான நிலையத்தில் வேலை பார்க்கும் அக்கா யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? இதை அவருக்கு அனுப்புங்கள்.

அக்கா, நன்றி. இரண்டாவது பெல் செய்துகொண்டிருக்கிறேன். மழைக்கு முன்னால் தயாராகிவிடும். வீடு எங்கே என்று மட்டும் சொல்லுங்கள்.