கைதட்டிய வக்கீல்

நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். வசேமதா கெட்டது கையால்.

வாய்க்கு அவளிடம் குறைச்சலே இல்லை. தீவு நகரமான லௌதோகாவின் குடும்பக் கோர்ட்டில் இருபத்தாறு வருஷம் விவாகரத்தும் பிள்ளை வழக்குமாகவே காலம் தள்ளியவள். சமாதானம் ஆகிவிட்டது என்று புருஷன் வீட்டார் சொன்னால், “அடி வாங்கினவகிட்ட கேட்டீங்களா?” என்பாள். ஊரே அவளுக்குப் பயப்படும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் அபிசாய் வீட்டுப் பாயில் உட்கார்ந்து அவருடைய வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்தாள். அபிசாயின் தங்கை மகள் தித்திலியா, ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். புருஷன் இனோகே அடித்த அடியில் கையெலும்பு முறிந்து, நாலு வயது மகள் கெலெராவோடு மாமன் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. இனோகே பிள்ளையைக் கேட்டு மனுப் போட்டிருந்தான். வியாழக்கிழமை விசாரணை. தாயும் பிள்ளையும் பத்திரமாக இருக்க ஒரு வீடு இருக்கிறது என்று தாய்மாமன் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கின் முதுகெலும்பு.

“ஏய் வக்கீலு, எழுதி எழுதியே தலை நரைச்சுட்ட. யாராவது கட்டிக்குவானா இனிமே?” என்றார் அபிசாய். இருவரும் முறைக்காரர்கள், கேலிக்குப் பஞ்சமில்லை.

“உங்களைக் கட்டாம தப்பிச்சேனே அத்தான், அது போதும். கையெழுத்தைப் போடுங்க.”

அவர் பேனாவை எடுத்த நேரம் வாசலில் ஆள் அரவம். இனோகேயின் பெரியப்பா, பின்னால் எட்டுப் பேர், சீராகக் கொடுக்கச் சுருட்டிய பாய்கள், ஒரு பீப்பாய் மண்ணெண்ணெய். பெரியப்பாவின் இரண்டு கையிலும் தம்புவா, பழுத்து மஞ்சளேறிய திமிங்கிலப் பல். குனிந்து வந்து உட்கார்ந்து, எங்கள் பையன் செய்த தப்பை மண்ணில் புதைத்துவிடுங்கள் என்று கேட்டார்கள். அந்தப் பல்லைத் தொட்டு வாங்கிவிட்டால் விஷயம் புதைந்தது, அப்புறம் தோண்டக் கூடாது. வாங்க மாட்டேன் என்று சொல்லுகிற நெஞ்சு யாருக்கு இருக்கிறது?

அபிசாய் வாங்கினார். கூடம் முழுக்க உள்ளங்கை குவித்துக் கைதட்டியது, பொத் பொத்தென்று, மரியாதையாக, சம்மதத்துக்கு அடையாளமாக. வசேமதாவும் தட்டினாள். நினைத்துத் தட்டவில்லை. சட்டம் படித்தது தலைதானே, அவள் கை ஐந்து வயதில் படித்ததை மறக்கவில்லை. நிமிர்ந்தபோது திரைச்சீலை இடுக்கில் தித்திலியாவைப் பார்த்தாள். மகளை இரண்டு கையாலும் இறுக்கி அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

வியாழக்கிழமை கோர்ட் வராந்தாவில் தித்திலியா சொன்னாள்: “அக்கா, என்னத்துக்கு இனிமே? நான் போயிடறேன்.”

“எங்க போற? மறுபடி அடிச்சான்னா?”

“மாமா பல்லை வாங்கிட்டாரு. எல்லாரும் கைதட்டுனாங்க.” தரையைப் பார்த்துக்கொண்டே, “நீங்களும்தானே தட்டுனீங்க” என்றாள்.

வசேமதாவுக்கு அவமானம், வெறும் அவமானம். இருபத்தாறு வருஷம் பேசிய பேச்செல்லாம் அந்த ஒரு கைதட்டலில் போயிற்று.

உள்ளே இனோகேயின் வக்கீல் சிவ்நாராயண் எழுந்தார். “ரெண்டு குடும்பமும் சமாதானமாயிடுச்சு, கனம் நீதிபதி அவர்களே. அந்தம்மா வக்கீலே அங்க உட்கார்ந்து கைதட்டியிருக்காங்க. கேட்டுப் பாருங்க.”

ஒரே ஆள் ஒரே வழக்கில் வக்கீலாகவும் சாட்சியாகவும் இருக்க முடியாது. வசேமதா கோப்பை மூடினாள். “நான் இந்த வழக்கிலிருந்து விலகிக்கிறேன். என்னைச் சாட்சியா விசாரிங்க” என்று கூண்டில் ஏறினாள்.

“தட்டினேன். உண்மைதான். ஆனா அங்க தித்திலியாகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நானும் கேக்கல. புள்ளையோட திரைக்குப் பின்னால நின்னுட்டிருந்தா.”

நீதிபதி வெகுநேரம் எழுதினார். அடுத்த தேதிவரை பிள்ளை தாயோடு, தாய்மாமன் வீட்டில் இருக்கட்டும் என்றார்.

வெளியே அபிசாய் காத்திருந்தார். கேலி இல்லை, முகம் கல்லாக இருந்தது. “என் வீட்டுல உன் கை ஒண்ணு சொல்லிச்சு, கோர்ட்டுல உன் வாய் வேற சொல்லுது. நாலு பேர் முன்னாடி என்னைப் பொய்யனாக்கிட்ட. இனிமே அவங்க ரெண்டு பேருக்கும் நீயே வீடு பாத்துக்குடு.”

அந்த வீடு இல்லையென்றால் உத்தரவும் இல்லை. வேறு கூரை தேடி, புது மனுப் போட்டு, அதற்குள் இனோகே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். இரண்டு நாள் வசேமதாவுக்குச் சோறு இறங்கவில்லை. பெரியவரை அவமதித்தால் மன்னிப்புக் கேட்க ஒரே வழிதான். எந்தப் பல்லை இத்தனை வருஷம் கோர்ட்டில் நின்று திட்டினாளோ, அதே பல்.

சனிக்கிழமை காலை அப்பா வைத்துவிட்டுப் போன தம்புவாவைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். எடுத்துச் சொல்ல ஆம்பிளை வேண்டும் என்பது முறை, தம்பி விலியாமேயைக் கூட்டிக்கொண்டாள். அபிசாய் வீட்டுப் பாயில் தலைகுனிந்து உட்கார்ந்தாள். தம்பி சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பல்லை நீட்டினான்.

அபிசாய் தொடவில்லை. தம்பியின் கை வலிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திரைச்சீலைப் பக்கம் திரும்பினார்.

“தித்திலியா, இங்க வா. உக்காரு. இதை வாங்கட்டுமா? நீ சொல்லு.”

அந்த வீட்டில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. தித்திலியா வந்து மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“வாங்குங்க மாமா. அக்கா மேல எனக்குக் கோபம் இருக்கு, ஆனா வாங்குங்க. அவரு வீட்டுக்கு மட்டும் நான் போகமாட்டேன்.”

“அவங்க குடுத்த பல்லு என் பெட்டியில கிடக்கேடி.”

“நீங்கதானே வாங்குனீங்க. நான் வாங்கலையே.”

அபிசாய் “சரி, திருப்பிக் குடுக்கணும். ஊரு காறித் துப்பும், துப்பட்டும்” என்று முனகிவிட்டு, வசேமதாவின் பல்லுக்குக் கை நீட்டினார்.

கூடம் கைதட்டியது. வசேமதாவின் கை மடியிலிருந்து எழுந்தது. தித்திலியாவைப் பார்த்தாள். தித்திலியாவின் இரண்டு கையும் பிள்ளையைச் சுற்றியே இருந்தன, அவள் தட்டவில்லை. வசேமதா கையைக் கீழே இறக்கிக்கொண்டாள்.