ரீலுக்கு வைத்த பொட்டு

இன்று தஞ்சாவூரில் தூண்டில் சாமான் விற்கும் கடை கவுண்டரில்...

"சாருக்கு என்ன மாதிரி ரீல் பாக்கறீங்க மேடம்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எனக்குத்தாங்க" என்றேன்.

அவர் எனக்குப் பின்னால் நின்ற வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"அவங்களுக்குத்தான் தம்பி. நான் பை தூக்க வந்தவன்" என்றார் இவர்.

இந்த ஒரு வாக்கியத்தை இவர் வாயிலிருந்து வரவழைக்க நான் பட்ட பாட்டைத்தான் எழுத வந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பூதலூர் பக்கம். புது ஆறு என்கிற கால்வாய் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ரீல் மாட்டிய தூண்டில் வீசுவதை வீடியோ பார்த்து நானே கற்றுக்கொண்டேன். அப்புறம் இவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். (இவர் இதை வேறு மாதிரி சொல்வார். நம்பாதீர்கள்.)

என்னிடம் இருந்தது மலிவு ரீல். இவரிடம் இருப்பது உயர்ந்த ரகம். மகள் வேலைக்குப் போனதும் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தது. (அம்மாவுக்குப் பட்டுப்புடவை. புடவை நல்ல புடவைதான். இருந்தாலும்...)

என் முதல் ரீலில் லைனைப் பிடிக்கும் கம்பியின் ஸ்பிரிங் போனது. இரண்டாவது வாங்கினேன். அதில் கைப்பிடி ஆடியது. மீன் இழுக்கும்போது லைனை அளவாக விட்டுக்கொடுக்க வேண்டிய டிராக், ஒரு நேரம் இறுக்கிப் பிடிக்கும், ஒரு நேரம் வழுக்கிவிடும். இரண்டுக்கும் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு நல்ல ரீலின் விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

எனக்கு இன்னொரு கணக்கும் உண்டு. செவ்வாய், வெள்ளி தூண்டிலைத் தொடமாட்டேன். அமாவாசை, கிருத்திகை, பிரதோஷம் கிடையாது. புரட்டாசி முழுக்கக் கிடையாது. இதெல்லாம் கழித்தால் ஆற்றங்கரைக்குப் போக மிஞ்சுகிற நாள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச நாளிலும் ரீல் மக்கர் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

அதனால் பிளவுஸ் தைத்த காசை ஒதுக்கி வைத்து, இவருடையதைப் போலவே எனக்கும் ஒன்று என்று முடிவு செய்திருந்தேன்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது.

தையல் மெஷின், அரிவாள்மணை, பைக் இவற்றோடு இரண்டு ரீலையும் சாமிக்கு முன் வைத்தோம். என் ரீலுக்குத் தண்டில் ஒரே ஒரு பொட்டு வைத்தேன். இவர் வழக்கமாகப் பூஜை அறைப் பக்கமே வராதவர். மகள் கொடுத்தது இல்லையா, அன்றைக்குப் பக்தி பொங்கிவிட்டது. சந்தனத்தைக் குழைத்து, அந்த ரீலில் எதெல்லாம் சுற்றுமோ அதிலெல்லாம் அப்பி, மேலே குங்குமமும் வைத்தார்.

"போதுங்க, அதுக்கு மூச்சு முட்டிடப் போவுது" என்றேன்.

"சாமி காரியத்துல கஞ்சத்தனம் பாக்காத" என்றார். என்னைப் பார்த்து.

புரட்டாசி முடியும்வரை ரீல் இரண்டும் பூஜை அலமாரியிலேயே விரதம் இருந்தன.

ஐப்பசி பிறந்து முதல் ஞாயிறு. புது ஆற்றங்கரை. இவர் ஏழெட்டு முறை வீசியபின் நல்ல விரால் ஒன்று கவ்வியது. ஒரே இழுப்பு. லைன் அறுந்து மீன் போய்விட்டது.

இவர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"புள்ள அவ்ளோ காசு போட்டு வாங்கிக் குடுத்துச்சு. இதுக்கு உன்னோட மட்ட ரீலே தேவலாம் போலருக்கு."

அதோடு விட்டாரா?

"நீயும் இதுல போய்க் காசக் கொட்டாத. பழைய மாதிரியே ஒண்ணு வாங்கிக்க. மிச்சத்த தீபாவளிக்கு வச்சிக்க."

என் ஆசையும் அந்த விராலோடு ஆற்றில் போய்விடும் போலிருந்தது.

அறுந்த லைனை எடுத்து விரலில் உருவிப் பார்த்தேன். நுனி பஞ்சுபோல் நைந்திருந்தது. நைய வேண்டுமென்றால் எங்கேயோ உரசியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் துணி விரித்து இவர் ரீலை அதன்மேல் வைத்தேன். லைன் உள்ளே வரும்போது அதைத் தாங்கி உருளும் சின்ன உருளை ஒன்று உண்டு. விரலால் தள்ளினேன். அது உருளவில்லை.

தையல் மெஷின் டிராயரிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

"கழட்டாத. வாரண்டி போயிடும்" என்று ஓடி வந்தார்.

"உள்ள கை வைக்கலங்க. வெளியில இருக்கற இந்த ஒரு ஸ்க்ரூதான்."

கழற்றினால் உருளைக்குள் பொடிப்பொடிக் குண்டுகள் வைத்த பேரிங். அது நிறைய சந்தனம், காரை பூசியதுபோல் இறுகிக் கிடந்தது. கோயில் வாசனை வேறு.

என்னுடையதையும் கழற்றிப் பார்த்தேன். அதில் பேரிங்கே இல்லை, வெறும் பிளாஸ்டிக் வளையம். விலை வித்தியாசம் எங்கே போகிறது என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

"சந்தனமா?" என்றார் மெதுவாக.

"குங்குமமும் இருக்கு."

"பாப்பாகிட்ட சொல்லிடாத." (பாப்பா, நீயும் படிப்பாய் என்று தெரியும்.)

வெந்நீரில் சோப்புப் போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து, ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டேன். ஊதினாலே உருண்டது.

அடுத்த ஞாயிறு அதே கரை, அதே ரீல், புது லைன். வீசியது நான். ஒரு விரால் மாட்டி, தாமரைக்கொடிப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடியது. டிராக் ஒரு இடத்திலும் திக்காமல் லைனை விட்டுக்கொடுத்தது. நிதானமாகச் சுற்றிக் கரைக்குக் கொண்டுவந்தேன். இவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி வலை பிடித்தார்.

குழம்பு கொதிக்கும்போது கேட்டார்: "கடைக்கு எப்ப போலாம்?"

வாய்க்காலோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு மலிவு ரீலே போதும், குறை சொல்லமாட்டேன். எனக்கு வேதாரண்யத்தில் தம்பி வீடு இருக்கிறது. உப்புத் தண்ணீரிலும் வீச வேண்டும். இன்று நல்லதையே வாங்கினேன். பில்லை என் பெயரில் போடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து புது ரீலைச் சாமிக்கு முன் வைத்துவிட்டுத் தேடினால், சந்தனக் கிண்ணத்தைக் காணோம்.

இவர் தையல் மெஷின் பக்கம் குனிந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் சந்தனக் கிண்ணம், இன்னொரு கையில் என் ஸ்க்ரூடிரைவர்.

"ஆயுத பூஜையில இத விட்டுட்டமே" என்றார்.

ஒரே ஒரு பொட்டு. கைப்பிடியில் மட்டும்.